சொல்லாமல் எழும்பிப் போனவர்கள்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான். மொன்றியலுக்கு வந்து சேர்ந்த அந்த எண்பதுகளில் அது ஒரு வருத்தமாக, நோயாகவே முற்றிவிட்டது. பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த வீடு மூன்றாம் மாடி. வாசல் கதவிலிருந்து குசினி வரைக்கும் ஒரு நீண்ட ஒடுங்கிய நடை. வேலை இல்லாத நாட்களில் அதில் நான் இங்குமங்கும் நடந்து திரிவேன். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி தும்புத்தடியால் தன் முகட்டில் இடிப்பாள். நான் நிற்பேன், அவள் ஓய்ந்ததும் மறுபடி நடப்பேன். அவளும் விடமாட்டாள், நானும் விடமாட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு குடும்பம். நானும் என் கணவரும் ஓர் அறையில். மற்ற அறையில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி. ஆண்கள் இரண்டு பேரும் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். பெண்கள் இரண்டு பேரும் ஒரே தையல் ஆலைக்குப் போய்வந்தோம். அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள்.

அவளைப் பிரெஞ்சு வகுப்பில்தான் முதலில் கண்டேன். ஆசிரியை என்ன கேட்டாலும் நன்றி என்பதற்கான "மெர்சி"யையே சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த நாடு? மெர்சி. எத்தனை பிள்ளைகள்? மெர்சி. நான் பின்வாங்கில் இருந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இடைவேளைக்கு நேரே என்னிடம் வந்தாள். "கனக்கச் சிரிக்கிறீங்கக்கா. நீங்க எத்தின சொல்லுப் படிச்ச, சொல்லுங்க பாப்பம்" என்றாள். எனக்கு வணக்கம் என்கிற "பொன்ஜூர்" மட்டும்தான் தெரியும். உள்ளே வருவதற்கு ஒரு சொல் என்னிடம், வெளியே போவதற்கு ஒரு சொல் அவளிடம், இரண்டையும் சேர்த்தால் எந்தக் கடைக்கும் போய்வரலாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

முதல் பனிக்காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல சப்பாத்து ஒரு சோடிதான் இருந்தது. தேவாலயத்தில் யாரோ கொடுத்தது. எனக்கு அளவு. அவள் முன்பக்கத்தில் ஒரு காலுறையைத் திணித்துப் போட்டுக்கொள்வாள். ஆலைக்கு மட்டும் ஒருத்தி பனி ஊறும் பழைய சப்பாத்தோடு வருவாள்; மற்ற நேரங்களில் வெளியே போகிறவள் நல்லதைப் போடுவாள், மற்றவள் உள்ளே இருப்பாள். உள்ளே இருப்பது எனக்கு முடியாத காரியம் என்று தெரிந்து, டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போகும் வேலையை எப்போதும் எனக்கே விட்டுவிடுவாள்.

ஒருவரையொருவர் கிண்டலடிக்காமல் ஒரு நாளும் போகாது. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மந்திரம் போட்டால் போனவன் எழும்பி வரமாட்டானாம். அதைச் சொல்லி நான் சீண்டினால், "உங்கள ஒட்டவைக்க மந்திரம் காணாதுக்கா, நாலு ஆணி அடிக்கோணும்" என்பாள். பிறகு என்பதற்கு நான் "பேந்து" என்றால் அவள் "மறுகா" என்பாள். யாழ்ப்பாணத்தார் வைக்கிற தேங்காய்ப்பால் சொதியில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவளுடைய முடிவான கருத்து. என்றாலும் என் சொதியைத்தான் இரண்டாம் தரமும் விட்டுச் சாப்பிடுவாள்.

எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு தம்பி. இரண்டு பேரும் இயக்கத்துக்குப் போனவர்கள். ஆனால் ஒரே இயக்கத்துக்கு அல்ல. ஊரில் அப்போது ஆயுதம் தூக்கிய பல இயக்கங்கள் இருந்தன. எல்லாம் ஒரே எதிரியோடு சண்டைபிடிக்கத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வரவேற்பறையில் ஆண்கள் எது சரி, எது பிழை என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். எங்களுக்கு அதில் அக்கறை இல்லை. தம்பிமாரின் படங்கள் இரண்டையும் குசினிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். "ரெண்டுக்கும் ஒரே கள்ளமுழி" என்பாள் அவள். சாப்பிட வருகிறவர்களிடம் எது யாருடைய தம்பி என்று கேட்போம். பாதிப்பேர் மாற்றிச் சொல்வார்கள்.

பனி கரைந்து மரங்கள் துளிர்க்கும் நேரம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு ஐஸ் போட்ட தண்ணீரைக் கொடுத்து, எழும்பிப் போய்க் குளி என்று சொன்னார்களாம். நான் போனபோது போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, என்னைக் கொல்லப்பார்க்கிறார்கள் என்ற முகத்தோடு கிடந்தாள். போத்தலில் கொண்டுபோன மிளகுரசத்தைக் கண்டதும் அழுதாள். தாய் பக்கத்தில் இல்லை, மாமி இல்லை. இருந்தது நான் மட்டும்தான். எனக்கோ பிள்ளை பெற்ற அனுபவமும் இல்லை. ஆனால் சரக்கு அரைக்கத் தெரியும். மல்லி, மிளகு, மஞ்சள், சீரகம், உள்ளி என்று அரைத்து மீன்போட்டு வைக்கிற பத்தியக்கறி. பால் சுரக்க வேண்டுமென்றால் சின்னச் சுறா வேண்டும். கிரேக்கனின் மீன்கடையில் சுறாவுக்குப் பெயர் தெரியாமல், கையைத் தலைக்குமேல் செட்டைபோல வைத்துக்கொண்டு கடைக்குள் நீந்திக் காட்டினேன். கடைக்காரன் சிரித்துச் சிரித்து, கடைசியில் சரியான மீனையே தந்தான்.

ஆலையில் வேலை குறைந்து என்னை நிறுத்தியிருந்தார்கள். அதனால் பகல் முழுக்க நானும் அவளும் பிள்ளையும்தான்.

அவள் வீட்டுக்கு வந்து சில நாட்களில் ரெலிபோன் அடித்தது. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். பாரிஸில் இருந்து அவளுடைய பெரியப்பாவின் மகன். அவளைக் கூப்பிடவேண்டாம், நீங்கள் மட்டும் கேளுங்கள் என்று தொடங்கினார். அவள் தம்பி செத்துவிட்டான். அவர்களுடைய முகாமைச் சுற்றி வளைத்து, இருந்தவர்களைச் சுட்டுவிட்டார்கள்.

"ஆர் சுட்டது? ஆமியோ?" என்று கேட்டேன். ராணுவமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் இயக்கத்தின் பெயரைச் சொன்னார். அது என் தம்பியின் இயக்கம்.

அந்த நேரத்தில் எனக்குள் முதலில் வந்தது எது என்று சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். சுட்ட பக்கத்தில் நின்றவன் என் தம்பி, ஆகவே அவன் உயிரோடு இருப்பான் என்ற சந்தோஷம். அது ஒரு நொடிதான். பிறகு ரெலிபோனை வைத்தேன். அறைக்குள் இருந்து அவள், "ஆருக்கா போன்ல?" என்று கேட்டாள். "பிழையான நம்பர்" என்றேன்.

அன்று பின்னேரம் அவள் நித்திரையாக இருந்தபோது குசினியில் கூடினோம். அவளுடைய கணவன் கோப்பை துடைக்கிற துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதான். என் கணவர்தான் பேசினார்.

"பச்சை உடம்புக்காரி. இப்ப சொன்னா பால் வத்திப்போகும். முப்பத்தொண்டு கழியட்டும், பேந்து சொல்லுவம். சொல்லேக்கையும் ஆமி சுட்டதெண்டே சொல்லுவம். எண்டைக்கும் அதைத்தான் சொல்லுறது."

அவளுடைய கணவன் தலையாட்டினான். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் உம்மடை வாயைக் கட்டிக்கொண்டு இரும்."

மறைப்பதற்கு வசதியும் இருந்தது. பிள்ளை பிறந்தாலும் முப்பத்தொரு நாள் தீட்டு, துடக்கு என்போம்; செத்தவீடு என்றாலும் துடக்கு. இரண்டிலும் சுவாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதில்லை. விளக்கு ஏன் எரியவில்லை என்று அவள் கேட்கவே மாட்டாள். பிறப்புக்குள் சாவை ஒளித்துவைத்தோம்.

நானும் ஆமி என்ற பொய்க்குச் சம்மதித்தேன். அவளுடைய பாலை நினைத்து மட்டும் அல்ல. அந்தப் பெரிய நகரத்தில் எனக்கென்று இருந்த ஒரே மனிசி அவள். யார் சுட்டது என்று தெரிந்தால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? அவளை இழக்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை. ரெலிபோன் அடித்தால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடுவேன். வாசல் மணி அடித்தால் படியிறங்கிப் போய்ப் பாதியிலேயே ஆளை மறிப்பேன். நடையில் நான் ஓயாமல் நடந்ததில், கீழ்வீட்டுக் கிழவி இடிப்பதையே விட்டுவிட்டாள். பிள்ளைக்காரியோ கட்டிலில் இருந்துகொண்டு பிள்ளையின் மூக்கைப் பிடித்துப் பார்ப்பாள்.

"மாமன்ட மூக்குத்தான். பாருங்கக்கா, அப்பிடியே இரிக்கி. மாமன் ஆனது அவனுக்குத் தெரியுமோ தெரியா. ஆரும் போய்ச் சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருப்பினம்" என்பேன். பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். இது என்ன பிழைப்பு என்று எனக்கு என்னிலேயே ஆத்திரம் வரும். ஊரில் இருந்தவர்களில் ஆத்திரம் வரும். சுவரில் இருந்த இரண்டு படங்களையும் கழற்றவும் முடியாது, பார்க்கவும் முடியாது. என் தம்பியின் முகத்தைப் பார்த்து, "எங்கேயடா நின்றாய் அன்றைக்கு?" என்று மனதுக்குள் கேட்பேன்.

பிள்ளை பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். தடுக்கவும் முடியாது, வராவிட்டால் அதுவே சந்தேகம். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த இரண்டு அக்காமாரும், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்து ஒரு மாமியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேர்ந்து வந்தார்கள். மூன்று பேரும் எங்கள் பக்கத்து ஆட்கள். செய்தி அவர்களுக்கும் தெரியும், பார்க் எக்ஸ்டென்ஷனில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். படியில் வைத்தே சொன்னேன்.

"ஒரு சொல்லும் வெளியில வரக்கூடாது. பிள்ளையைப் பாருங்கோ, சிரியுங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ, போங்கோ."

"எங்களுக்குத் தெரியாதோ பிள்ளை?" என்றார் மாமி.

நன்றாகத்தான் நடித்தார்கள். பிள்ளைக்குச் சவர்க்காரம், பவுடர், கம்பளியில் பின்னிய தொப்பி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளையை மடியில் வைத்து, தாயின் நிறமா தகப்பனின் நிறமா என்று வாதாடினார்கள். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். ஆனால் அவளும் சேர்ந்து சிரித்தாள், எனக்கு மூச்சு வந்தது. தேத்தண்ணீர் குடித்து முடிந்தது. மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார். மற்ற இரண்டு பேரும் எழும்பினார்கள். கதவடியில் சப்பாத்தை மாட்டினார்கள். படியிறங்கிப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, தப்பினோம் என்று கதவிலேயே சாய்ந்து நின்றேன்.

அறைக்குள் போனபோது அவள் பிள்ளையைக் கிடத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அவங்க ஏன் போயித்து வாறம் எண்டு சொல்லல்ல?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. செத்தவீட்டுக்குப் போனால் எங்கள் ஆட்கள் திரும்பும்போது போட்டு வாறன், அதாவது போய்வருகிறேன், என்று சொல்வதில்லை. அந்த மாதிரிக் காரியத்துக்கு மறுபடி வருவேன் என்று யார் சொல்வார்கள்? பேசாமல் எழும்பி, பேசாமல் போய்விடுவார்கள். அந்த மூன்று பேரும் வாயைக் காத்தார்கள், முகத்தைக் காத்தார்கள். ஆனால் மனதுக்குள் செத்தவீட்டுக்கு வந்துவிட்டார்கள். போகும்போது பழக்கம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வழியனுப்பிய எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. நானும் செத்தவீட்டில்தானே இருந்தேன்.

"சொன்னவைதானே" என்றேன்.

"இல்லக்கா. மூணு பேரும் சொல்லல்ல." என் முகத்தையே பார்த்தாள். "ஆருக்கா செத்த?"

"ஒருத்தரும் இல்லை."

"அம்மாவா?"

"இல்லையடி."

"அப்பாவா?"

"இல்லை."

அந்த இரண்டும் உண்மை. உண்மை என்பதால் குரல் உறுதியாக வந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததுக்குப் போனாள்.

"தம்பியா?"

இப்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. 

"ஆமியா?" என்றாள்.

அதுதான் இடம். ஓம் என்று ஒரு சொல். ஆண்கள் ஆயத்தம் செய்து தந்த சொல். நான் அதைச் சொல்லியிருந்தால் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து ஆமியைத் திட்டியிருப்போம். மற்றவர்கள் வாயால் என்றைக்கோ ஒருநாள் தெரியவந்திருக்கும், வராமலும் போயிருக்கும். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் நான் "இல்லை" என்றேன். அவளுடைய தம்பியின் சாவு இன்னது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்று நினைத்தேனா, வாயில் எதுவும் நிற்காத என் குணமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப உங்கட தம்பிட ஆக்களா?"

"ஓம்."

பிள்ளை அழத் தொடங்கியது. நான் தூக்கக் கையை நீட்டினேன். அவள் எனக்கு முன்னால் குனிந்து பிள்ளையை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி இருந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சரக்குக்கறியும் சோறும் போட்டுக் கோப்பையை அவள் பக்கத்தில் வைத்தேன். தொடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். என்னைப் பார்க்காமலே முழுவதையும் சாப்பிட்டாள்.

"புள்ளைக்குப் பால் வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே நாட்கள் போயின. நான் அரைத்தேன், காய்ச்சினேன், கொண்டுபோய் வைத்தேன். அவள் சாப்பிட்டாள். கிண்டல் இல்லை, அக்கா என்ற சொல் இல்லை. என் சமையலை அவள் மருந்து குடிப்பது போலச் சாப்பிட்டாள். வாயைக் கட்டத் தெரியாதவள் என்று என் கணவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அவர் பேசாதது பெரிதாகத் தெரியவில்லை. அவள் என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. முகத்தில் அடித்தாலும் தேவலை. கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்று, என் தம்பிக்காக நானா பதில் சொல்ல வேண்டும் என்று கொதிப்பேன். அடுத்த நிமிடமே, பின்னே யார் சொல்வது என்றும் கேட்பேன். அவளுடைய கணவன் ரொக்ஸ்பரோ என்ற புறநகரில் வீடு தேடுகிறான் என்று வெளியாட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

முப்பத்தொன்று கழிந்தது. தலை முழுகி, வீடு கழுவி, விளக்கு வைத்தாள். அடுத்த சனிக்கிழமை ஆண்கள் இருவரும் அவர்களுடைய சாமான்களைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் குசினிக்குள் வந்தாள். தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து பக்குவமாகக் கழற்றி எடுத்தாள். மற்றப் படத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு உங்கட தம்பி இந்த வீட்டு வாசல்ல வந்து நிண்டா, சோறு போடுவீங்களா?"

அவ்வளவு நாளைக்குப் பிறகு அக்கா என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எதையும் சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

"போடுவன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நானும் எண்ட தம்பிக்குப் போடுவன். அவன் ஆரச் சுட்டுப்போட்டு வந்தாலும் போடுவன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களோட கோவம் இல்லக்கா. இஞ்ச இருந்தா, உங்கட தம்பி வாற அண்டைக்கு நானும் உங்களோட சேந்துதானே சமைக்கோணும். அது எனக்கு ஏலாது."

பிள்ளையை ஒரு தரம் என் கையில் தந்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ரொக்ஸ்பரோ தூரமில்லை. ரயிலில் போய்வரலாம். நான் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கு முழுதாக விளங்கியிருந்தது. விளங்கிய ஒன்றோடு சண்டைபிடிக்க வழி இல்லை. அது பெரிய கொடுமை. கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் போய்க் காலில் விழுந்தாவது கூட்டிவந்திருப்பேன்.

இரண்டு மூன்று பனிக்காலம் கழித்து என் தம்பி இயக்கத்தை விட்டு, பல நாடுகள் சுற்றி, ஒருவழியாக மொன்றியலுக்கு வந்து சேர்ந்தான். மெலிந்து, கறுத்து, பார்க்க என்னைவிட மூத்தவன் போல இருந்தான். கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன். உயிரோடு வந்தானே என்று இருந்தது. அன்றைக்கு நான் தனியாகச் சமைத்தேன். அவன் குசினி மேசையில் இருந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். நான் அடுப்படியில் நின்றேன். அவளுடைய தம்பி செத்த அன்றைக்கு நீ எங்கேயடா நின்றாய் என்ற கேள்வி என் வாய்க்குள் நின்றது. நான் அங்கே நின்றேன் என்று அவன் சொன்னாலும் சோறு போடத்தான் போகிறேன். நிற்கவில்லை என்றால் நம்பப் போவதில்லை. வாயில் எதையும் வைத்திருக்கத் தெரியாத நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, போடு" என்றான்.